இரண்டாவது சோடி

அண்ணன் ஆழ்வாப்பிள்ளை, கல் உடைத்தெடுக்கும் ஆழமான கல்லுக்கிடங்கில் விழுந்து செத்ததற்கு அவன் மலிவாக வாங்கிய சப்பாத்துதான் காரணம். பசை விட்டு அடித்தோல் வாய் பிளந்து, கிடங்கின் விளிம்பில் தடக்கிவிட்டது. அண்ணன் பார்த்த அதே கல்லுடைக்கும் வேலைக்கு இப்போது தம்பி கனகலிங்கத்தைக் கூப்பிட்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக் கடையில் அவன் பளபளப்பைப் பார்க்கவில்லை. அடித்தோலை வளைத்தான், சுற்றிவர இறுக்கித் தைத்திருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தான்.

"தடிச்ச மாட்டுத்தோல், தம்பி. விலை கூடத்தான், ஆனா கனகாலம் உழைக்கும்," என்றார் கடைக்காரர்.

போட்டு நடந்து பார்த்தான். பின்னால் சளக், சளக் என்று பிய்ந்த அடித்தோல் நிலத்தில் அடிபடும் சத்தம் கேட்டது. செத்தவீட்டுக்குப் பிறகு அவர்களுடைய முற்றத்தில் தினமும் கேட்கும் அதே சத்தம். திரும்பினான். ஒருவருமில்லை.

"ஒன்பதாம் அளவிலை இன்னொரு சோடியும் தாங்கோ," என்றான். அது அண்ணனின் அளவு.

வீட்டில், அண்ணன் மனைவி கமலாவதி அந்த இரண்டாவது சோடியைக் கையில் எடுத்தாள். யாருக்கென்று கேட்கவில்லை. கயிற்றைத் தளர்த்தி, கால் நுழைக்க வசதியாக வாசற்படியில் வைத்தாள்.

"முத்தத்திலை அந்தச் சத்தத்தை நானும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்," என்றாள். "இனியெண்டாலும் அவர் தடக்காமல் நடக்கட்டும்."