குழந்தை தூங்கிய நாள்

பண்ணையார் வேதகிரி செத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் எங்கள் பக்கத்து ஏழு ஊர்களில் அவர் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. உயிரோடு இருந்தவரை அவர் வைத்ததுதான் சட்டம். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் எப்படி இருந்தார் என்று எழுதக் கிளம்பிய மேதாவி, சேரியில் பிறந்து வாத்தியாரான ஐசக், நான்தான்.

1961இல் அவர் பேரன் சுப்பிரமணி பழைய நாட்குறிப்புகளைப் பார்க்கக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் கொல்லைப்புறமாகக்கூட நுழையாத அந்த உத்திரமேரூர் வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்ததுமே பாதி புத்தி போய்விட்டது. மீதியை அந்த முத்து முத்தான கையெழுத்து வாங்கிக்கொண்டது.

ஊரையே நடுங்கவைத்தவர், மகளுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறியிருக்கிறார். 1927, ஆனி மாதம் ஒரு நாள் எழுதியிருந்தார்: 'ஊரில் ஓசையே இல்லை. குழந்தை நிம்மதியாகத் தூங்கினாள்.' எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'அந்தக் குழந்தைக்காக ஊரே அன்போடு மௌனம் காத்தது' என்று எழுதினேன். அன்போடு என்பது நானாகச் சேர்த்தது.

சுப்பிரமணி செலவில் புத்தகம் அச்சாகி வந்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். களை பறித்துவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா மார்த்தாள், அந்த வரியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னிக்குத்தான் நைனா உங்கக்கா எஸ்தரு போனா. அதே ஜுரம். மூணு வயசு. அவரு பொண்ணு முழிச்சிக்கும்னு தெருமுனையில தடியோட ஆளு நின்னுக்கினு இருந்தான். ஒப்பாரி வெக்கக் கூடாதாம், சர்ச்சு மணி அடிக்கக் கூடாதாம். வாயில துணிய அடைச்சிக்கினு பொதைச்சிட்டு வந்தோம்."

எனக்கு ஒரு அக்கா இருந்ததே அன்றுதான் தெரியும்.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட? காயிதத்துல கீறதுதான் நெசம்னு அந்த வூட்டுக்கு ஓடிக்கினு இருந்த."

மறுநாளே சுப்பிரமணியிடம் போய் அந்தப் பக்கத்தை மாற்றவேண்டும் என்றேன்.

"எழுத்துல எதனா இருக்கா வாத்தியாரே?" என்றார்.

எங்களிடம் ஏது எழுத்து? அந்த மாதமே புத்தகம் பள்ளிக்கூடங்களுக்கும் போய்விட்டது. ஒரு நாற்காலிக்கு மயங்கி, கூடப் பிறந்தவளின் சாவை அன்பு என்று எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "இப்பவாவது வாய்விட்டு அழும்மா, எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்" என்றேன்.



"அழுவலாம்னுதான் பாக்கறேன் நைனா. அவ மூஞ்சி ஞாபகம் வரமாட்டேங்குது."