அறிவிப்பு அறையில் இருந்தவள்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்வது அவள் வேலை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை அவள் மட்டும். அவள் குரல் ஊருக்கே பழக்கம். முகம் யாருக்கும் தெரியாது.

கர்ப்பத்தில் ஆறாவது மாதம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு எதுவும் பிடிக்காமல் போயிற்று. சோறு இறங்கவில்லை. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். பிள்ளை உதைத்தால் பயம், உதைக்காவிட்டால் அதைவிடப் பயம். கணவன் லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாள் சாலையில். போனில், "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?" என்பான். "ம்" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

மாமியாரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அத்தை, என்னமோ மாதிரி இருக்கு. சும்மா சும்மா அழுகை வருது."

"வாயும் வயிறுமா இருக்கறவ அழலாமாடி? பிள்ளைக்கு ஆகாது. நல்லதையே நெனை."

அத்தை கெட்டவள் அல்ல. சொல்லிவிட்டு, வீங்கிய காலைப் பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து இவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழப் பழகினாள்.

மாதாந்திரப் பரிசோதனையில் எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், "எல்லாம் நல்லா இருக்கு" என்றார்கள். நன்றாக இருப்பது யார் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், எட்டாம் நடைமேடை வண்டியைச் சொல்லி முடித்தவள் மைக்கை அணைக்க மறந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இந்தப் பிள்ளையே வேண்டாம்னு தோணுது. நான் என்ன ஜென்மம்" என்று அவள் தனக்குத்தானே சொன்னது நிலையம் முழுக்கக் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் கழிவறை கழுவும் அக்கா. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, முதலில் மைக்கை அணைத்தாள்.

"எல்லாரும் கேட்டுட்டாங்களாக்கா?"

"கேட்டாங்க. கேட்டா தலையா போயிடும்?" அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்கு ரெண்டாவதுக்கு இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லல. தண்டவாளம் வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன். உனக்கு அந்த மாதிரி நெனப்பு வருதா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அப்போ எழுந்திரு. இன்னிக்கே டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். நானும் வரேன்."

"வண்டி சொல்லணுமே, அக்கா?"

"போர்டுல எழுதித்தான இருக்கு. கண்ணு இருக்கறவன் படிச்சுக்குவான்."

மருத்துவர் அவசரப்படாமல் கேட்டார். இது நோய், குணக்கேடு இல்லை என்றார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார். கணவனுக்கும் அவரே போன் செய்தார். மூன்றாம் நாள் அவன் வந்து சேர்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "இவ்ளோ நாளா ஏன் சொல்லல?" என்றான்.

"சாப்ட்டியான்னுதான கேட்டீங்க."

அவன் செருப்பைக் கழற்றினான். வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. ஆனால் தூக்கம் வந்தது, கொஞ்சம் பசித்தது. பெண் பிறந்தபோது எல்லோரும் சொன்ன ஆனந்தம் எதுவும் பொங்கவில்லை. குழந்தையைக் கையில் வாங்கி, "உன்னோட பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆகும், கோவிச்சுக்காத" என்றாள்.

குழந்தை வாயை அகலமாகத் திறந்து கொட்டாவி விட்டது.