அணைக்குக் கீழே இருப்பவர்கள்

அத்தையின் அறைக்கதவைத் தட்ட அந்தப் பெண் கையைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடியும் தூக்கினாள். வீடு அடங்கி வெகுநேரமாகியிருந்தது. பதினைந்து வயதில் அவளுக்குப் பேயிடம்கூடப் பயமில்லை. அத்தையிடம் உண்டு.

பழத்தோட்டத்துக்கு மேலே ஓடையை மறித்து நிற்கும் மண் அணை, அத்தை ஆள் வைத்துக் கட்டிய சொந்தச் சொத்து. போன மாதம் பொறியாளர் அம்மா ஒருவர் வந்து சோதித்து, ‘உயர் அபாயம்’ என்று தரம் போட்டுவிட்டுப் போனார். பெற்ற பிள்ளையை ரௌடி என்று சொல்லிவிட்ட மாதிரி அத்தைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கரையைக் குறை சொல்லவில்லை, ஒருவேளை உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தத் தரம் என்று அந்த அம்மா படித்துப் படித்துச் சொன்னார். முன்பு பொட்டலாகக் கிடந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். “இங்க வந்து கட்டுங்கன்னு நானா கால்ல விழுந்து கூப்பிட்டேன்?” என்றாள் அத்தை.

இன்று சாயங்காலம் நாயைத் தேடிக் கரையின் அடிக்குப் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். புல்லுக்கு நடுவே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தெளிவாகக் கசிந்தால் கவனித்து வந்தால் போதும், கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளேயே அரிபடுகிறது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். இது பால் விட்ட டீ மாதிரி இருந்தது. சொன்னால் அணையைக் காலி செய்ய வேண்டும்; காய் பிடித்திருக்கும் மரங்கள் வாடும்; அத்தையின் ஒரு வருஷப் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால், கீழே முதல் வீடு அவளுடைய தோழியின் வீடு.

தட்டிவிட்டாள்.

“திட்டாதீங்க அத்தை. கரைக்கு அடியில தண்ணி கசியுது.”

“தெளிவாவா, கலங்கலாவா?”

அவள் அசந்துபோனாள். பொறியாளர் வந்த அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அத்தை, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

“கலங்கலா. சாயங்காலமே பாத்தேன். உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு.”

“அப்போ உயர் அபாயம் அணை இல்ல, நாந்தான்னு சொல்லு,” என்றபடியே அத்தை போனைத் தேடினாள்.

பொறியாளர் எடுத்ததும் அத்தை சுற்றி வளைக்கவில்லை. “சொட்டுக்கூட ஒழுகலன்னு உங்ககூடச் சண்ட போட்டேனே, நாந்தாம்மா பேசறேன். இப்ப ஒழுகுது. கலங்கலா.” முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள், சட்டென்று நீர் இறங்கினால் கரை சரியும், நான் கிளம்பிவிட்டேன் என்றார் அவர். அத்தை தோட்டக்காரரை எழுப்பி, அப்படியே சொல்லி மதகுக்கு அனுப்பினாள். பழத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை.

இருவரும் டார்ச்சோடு கீழே ஓடினார்கள். முதல் வீட்டில் தோழியின் அப்பா தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தார்.

“என் அணை கசியுது. பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மேட்டுல எங்க வீட்டுக்கு வந்துடுங்க,” என்றாள் அத்தை.

“உடைஞ்சிடுமாங்க?”

“தெரியல. தெரியிற வரைக்கும் எங்க வீட்ல இருங்க.”

யாரிடமும் தணிந்து பேசாத அத்தையின் குரலா இது என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மேலே மதகு திறந்து, தோட்டத்துக்கு இருந்த தண்ணீரெல்லாம் வாய்க்காலில் இறங்கும் சத்தம் கேட்டது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டாள். தோழியின் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் மேட்டில் ஏறினாள்.