மூன்றாவது மாடி, மூலை வீடு

தங்கை வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும், மூத்தவள் கைப்பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தாள். ஹால் ஜன்னலை அளந்தாள். சுவருக்குச் சுவர் ஒரே ஜன்னல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போவதற்குள் டேப் தீர்ந்துபோய், விரல் வைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஜன்னல் திரைக்கு அளவெடுத்துத் தைப்பதுதான் அவள் தொழில். கைப்பழக்கம், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரி, அப்படியென்றால் சமையலறையை எதற்கு அளந்தாள்? துணி காயப்போடும் பால்கனியை எதற்கு அளந்தாள்? குளியலறைக் கதவு எங்கேயும் இடிக்காமல் முழுசாகத் திறக்கிறதா என்று திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தாளே, அது எந்தத் திரைக்கு? வயிற்றெரிச்சல் தாயே, வயிற்றெரிச்சல். வேறு பெயர் வைக்க வழியில்லை.

இந்த ஊருக்கு அவள் வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. பெரிய கடை ஒன்றில் வேலை கிடைத்தது. புருஷனும் பள்ளிக்கூடம் போகிற மகளும் பழைய ஊரிலேயே இருந்தார்கள். வீடு கிடைத்தால்தான் அவர்களைக் கூட்டிவர முடியும். போனில் மகள் தினமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வீடு கெடச்சிடுச்சாம்மா?" கிடைக்கும் வரை தங்கை வீடு.

தங்கை என்றால் தங்கமான தங்கை. தொல்லையே அதுதான். வந்த அன்றே படுக்கையறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, "நான் ஹால்லயே படுத்துக்கறேன்க்கா, எனக்கு அங்கதான் காத்து நல்லா வரும்" என்றாள். மூத்தவளுக்கு அந்தக் காற்றின் மேலேயே ஆத்திரம் வந்தது. சின்னவளுக்கு எல்லாமே இப்படித்தான் அமையும். சின்ன வயதில் அவளுக்கு ஜுரம் வந்தால், பார்க்க வந்தவர்கள் பொம்மை வாங்கி வருவார்கள். இவளுக்கு வந்தால், பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்பார்கள். சின்னவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அப்படியும் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடக்கிறது. பக்கத்திலேயே இருக்கிற புருஷனோடு இவளுக்குத்தான் நாளுக்கு ஒரு பஞ்சாயத்து.

"எங்களுக்கு இந்த வீட்டப் புடிச்சுக் குடுத்த புரோக்கர் நம்பர் தரட்டுமாக்கா?" என்று தங்கை கேட்டபோது, "வேண்டாம்டி, நானே பாத்துக்கறேன்" என்று வெட்டிவிட்டாள். தங்கை தயவில் வீடு வேறு பிடித்தால் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தானே பிடித்த புரோக்கருக்கு அவள் வைத்திருந்த பெயர் சாவிக்கொத்து. ஆள் வருவதற்கு முன்னால் இடுப்பிலிருந்து சத்தம் வந்துவிடும். தான் எங்கே தங்கியிருக்கிறாள் என்பதை அவரிடம் அவள் சொல்லவில்லை. "சொந்தக்காரங்க வீட்டுல" என்றதோடு சரி. கடை வாசலுக்கு வரச் சொல்லி, அங்கிருந்துதான் கிளம்புவாள். தங்கை வீட்டை அவர் பார்த்துவிட்டால், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போடுவார் என்று அவளுக்கு ஒரு கூச்சம்.

சாவிக்கொத்து காட்டிய வீடுகளின் லட்சணத்தை என்னவென்று சொல்வது! ஒன்றில் சமையலறைக்குப் போகக் குளியலறையைத் தாண்ட வேண்டும். இன்னொன்றில் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நுரையோடு தலையாட்டி வரவேற்கவும் செய்தார். ஒரு வீடு நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன். வெளிச்சம், தண்ணீர், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். மூத்தவள் டேப்பைப் போட்டாள். ஹால் ஜன்னல் தங்கை வீட்டு ஜன்னலில் பாதிகூட இல்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"இதுக்கு என்ன மேடம் குறை?"

"ஜன்னல் சின்னதா இருக்கு."

"ஜன்னல்லயா மேடம் குடித்தனம் பண்ணப் போறீங்க?"

திரும்பும் வழியில் டீ குடிக்க நின்றபோது அவர் நேராகவே கேட்டுவிட்டார். "நீங்க ஏதோ ஒரு வீட்ட மனசுல வெச்சிக்கிட்டுதான் மத்த வீட்டயெல்லாம் பாக்கறீங்க. அது என்ன வீடுன்னு சொல்லிடுங்க. என் செருப்பாவது மிஞ்சும்."

சொன்னாள். அணையெல்லாம் உடைந்துபோய்ச் சொன்னாள். மூன்றாவது மாடி, மூலை வீடு. சுவருக்குச் சுவர் ஜன்னல், அடி அங்குலத்தோடு. சமையல் மேடை மேல் காலை வெயில் விழ வேண்டும். பால்கனியில் இரண்டு கொடி கட்ட இடம் வேண்டும். குளியலறைக் கதவு இடிக்கக் கூடாது. யாருடைய வீடு என்பதை மட்டும் சொல்லவில்லை. சாவிக்கொத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எழுந்திருக்கும்போது, "வாடகை கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்ல" என்று அவளாகவே வாயைக் கொடுத்தாள்.

நாலைந்து நாளில் அவர் மூச்சிரைக்கக் கடை வாசலுக்கு வந்தார். "மேடம், அகப்பட்டுடுச்சு! உங்களுக்குன்னே அளவெடுத்துக் கட்டின வீடு. நீங்க சொன்னதுல ஒரு இஞ்சு கொறையாது. ஏறுங்க வண்டியில."

ஸ்கூட்டர் மருந்துக்கடை முனையில் திரும்பியபோது அவள் ஒன்றும் நினைக்கவில்லை. இரும்புக்கடையைத் தாண்டி மறுபடி திரும்பியபோது அவர் தோளுக்கு மேலாக எட்டி வழியைப் பார்த்தாள். தினமும் அவள் நுழைகிற சாம்பல் நிற கேட்டுக்கு எதிரே வண்டி நின்றது.

"அதோ பாருங்க, மூணாவது மாடி, மூலை. இந்தப் பக்கத்துலயே இப்படி ஜன்னல் வெச்ச கட்டடம் இது ஒண்ணுதான்."

மேலே பால்கனிக் கொடியில் அவளுடைய நைட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"இப்ப இருக்கிறவங்க?"

"ஒரு பொம்பள. புருஷன் கப்பல்லயாம். அக்ரிமென்ட் இந்த மாசத்தோட முடியுது. ஓனர் அவங்களுக்கே போட்டுக் குடுக்கலாம்னுதான் இருந்தாரு. நான் விடுவனா? கூடக் குடுக்க ஒரு பார்ட்டி ரெடியா இருக்குன்னு போட்டேன் ஒரு போடு. இன்னைக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்னுட்டாரு." மீசையைத் தடவிக்கொண்டார். "என்ன, இப்ப ஆள் இல்ல. உள்ள போய்ப் பாக்க முடியாது."

அந்த வீட்டின் சாவி அவள் பையில் கிடந்தது. "பாக்க வேண்டாம்" என்றாள்.

இது என் தங்கச்சி வீடு, எனக்கு வேண்டாம், ஓனரிடம் போய்ச் சொல்லுங்கள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் மனசு மாடியேறிப் போய் அந்த ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டிவிட்டது. நல்ல அடர்த்தியான பச்சை. அந்த வெளிச்சத்தில் மகள் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். தங்கை விருந்தாளியாக வந்து, நின்ற இடத்திலேயே நின்று, "எவ்வளவு காத்துக்கா!" என்கிறாள். ஐயோ, எத்தனை இனிப்பாக இருந்தது அது! இப்படிக்கூட நினைப்பாளா ஒருத்தி என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு முறை நினைத்துப் பார்த்தாள்.

"பேசி முடிச்சிடவா மேடம்?"

"சாயங்காலம் சொல்றேன்."

மாலையில் வீடு திரும்பியபோது தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஓனர் போன் பண்ணாருக்கா. காலி பண்ணணுமாம். எவளோ ஒருத்தி கூடத் தரேன்னு வந்திருக்காளாம்."

"எவளாம்?" என்றாள் மூத்தவள்.

"எனக்கென்ன தெரியும்? அடுத்தவ குடியிருக்கிற வீட்டு மேல கண்ணு வெச்சிருக்கா பாரு, அவ நல்லா இருப்பாளா?" தங்கை மூக்கை உறிஞ்சினாள். "எனக்காகக்கூட அழலக்கா. நான் ஒரு ஹாஸ்டல்ல போய் விழுந்துடுவேன். மாமாவையும் பாப்பாவையும் இங்கயே வரச் சொல்லிடலாம்னு இருந்தேன். அவர்கிட்டயும் கேட்டுட்டேன், தாராளமா இருக்கட்டும்னாரு. ஓனர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு, அப்புறமா உனக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். இப்ப உன்னையும் சேர்த்து நடுத்தெருவுல நிறுத்திட்டேனேக்கா."

மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் கூசியது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே, அப்போதும் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தியை மனசாரத் திட்டிவிட்டு, இவளால் இப்படி வாய்விட்டு அழ முடிகிறது. அந்தக் கொடுப்பினையும் சின்னவளுக்குத்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் கிடந்த மூத்தவளின் போன் அடித்தது. தங்கை எட்டிப் பார்த்தாள். சாவிக்கொத்து என்ற பெயரைப் பார்த்து, அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன் புரோக்கர்தானே? எடுக்கா. எனக்கும் சேர்த்துக் கேளு."

மூத்தவளின் கை நகரவில்லை. தங்கையே போனை எடுத்து, அழுத்தி, அக்காவின் காதில் வைத்தாள். அவர் சொல்வது தனக்கும் கேட்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, போனின் மறுபக்கத்தில் தன் காதையும் ஒட்டவைத்துக்கொண்டாள்.

"ஹலோ மேடம்..." என்றார் அவர்.

தங்கையின் ஈரக் கன்னம் அவள் கன்னத்தில் அழுந்தியிருந்தது.