அதிமதுரத் துண்டு

பாக்கியசீலனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதில் அதிமதுர வேரைச் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்திருப்பார். பாடகர் குழுவில் யாருக்காவது தொண்டை கட்டினால் ஒன்றை எடுத்து நீட்டுவார். "கன்னத்துல அடக்கிக்கோ. கடிச்சிராத."

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவை இருபத்தேழு வருஷமாக நடத்துகிறார். மனைவி பெர்சிஸ் கணக்கு டீச்சராக இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை கீத ஆராதனை நடக்கும். விளக்குகளை அணைத்ததும் முதல் பாட்டு ஒற்றைக் குரலில் தொடங்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்தக் குரல் பெர்சிஸுடையது.

சென்ற மார்ச்சில் அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏப்ரலில் இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் ஒரு அரிப்பு, அதைத் தொடர்ந்து வறட்டு இருமல்.

"எனக்கென்னவோ இந்த மாத்திரை போட ஆரம்பிச்ச பொறவுதான் தொண்டை அரிக்கி" என்றார் பெர்சிஸ்.

"கொதிப்புக்குப் போடுத மாத்திரைக்குத் தொண்டைல என்ன ஜோலி?" என்றார் பாக்கியசீலன். "அம்பாசமுத்திரத்துல ஒன் தங்கச்சி வீட்டுக்குப் போயி, ஆத்துல முங்கி முங்கிக் குளிச்சா இருமாம என்ன செய்யும்?"

பெர்சிஸ் மறுபடி சொல்லவில்லை. நிரூபிக்க முடியாததை இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஜூனில் காசநோயோ என்று பரிசோதிக்கச் சொன்னார்கள். கையில் ஒரு டப்பாவைக் கொடுத்துச் சளியைத் துப்பி வரச் சொன்னார்கள். கால் மணி நேரம் இருமியும் எச்சில்தான் வந்தது. எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. பாக்கியசீலன் தன் அதிமதுர டப்பாவைத் திறந்தார். காலையில் ஒரு துண்டு, மதியம் ஒரு துண்டு, சாயங்காலம் நாலைந்து துண்டுகளைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த கஷாயம். அவரே அடுப்படியில் நின்று காய்ச்சிக் கொடுத்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஜூலையில் கொதிப்பு ஏறியிருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார் டாக்டர். பெர்சிஸ் ஊறுகாயையும் கருவாட்டையும் நிறுத்தினார். கொதிப்பு இறங்கவில்லை. இருமலும் நிற்கவில்லை. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது கணவன் மனைவி இருவருமே அதிமதுரத்தைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது சொல்ல வேண்டிய பொருள் என்றே தோன்றவில்லை.

செப்டம்பரில், சனிக்கிழமைப் பயிற்சி ஒன்றில், பாட்டின் நடுவே பெர்சிஸுக்கு இருமல் வந்தது. அடிக்குரல் பாடும் ஜாஸ்பர் பக்கத்தில் நின்றவரிடம், "அக்கா சரியா நாலாவது தட்டுக்கு இருமுதாவ வே. இனி தபேலா வேண்டாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெர்சிஸும் சிரித்தார், அதில் இருமல் இன்னும் கூடியது. அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில் வந்தது. பாக்கியசீலன் கையை இறக்கினார். பாட்டு நின்றது.

"பெர்சிஸ், நீ கொஞ்சம் வெளிய உக்காரு."

வீட்டில் அவர் பெர்சி என்றுதான் கூப்பிடுவார். பெர்சிஸ் பாட்டுப் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். பயிற்சி முடியும்வரை உள்ளே வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பயிற்சிக்கே வரவில்லை. ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசைக்கு மாறினார். இருமல் வந்தால் எழுந்து போக வசதியாக, வாசலை ஒட்டிய ஓரம்.

அக்டோபரில், கீத ஆராதனையின் தனிப்பாட்டைக் குழுவில் பாடும் கிறிஸ்டிக்குக் கொடுத்துவிட்டதாகப் பாக்கியசீலன் சொன்னபோது பெர்சிஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நல்லாப் பாட்டுப் படிப்பா. பாதி வரியில மூச்சு எடுப்பா, அதை மட்டும் பாத்துக்கோங்க."

நவம்பர் கடைசியில் பாக்கியசீலன் ஏழாவது இருமல் மருந்துப் பாட்டிலுக்காக மருந்துக் கடைக்குப் போனார். அசன் மைதீன் கடை அது. அன்று மேஜைக்குப் பின்னால் அவர் மகள் ரைஹானத் இருந்தாள். மருந்தியல் படித்து முடித்து மூன்று மாதமாகக் கடையைப் பார்க்கிறாள். அவள் பாட்டிலை எடுக்கவில்லை.

"டீச்சருக்கு வேற என்ன மாத்திரை ஓடுது சார்?"

அவர் சொன்னார். எப்போதிருந்து என்று கேட்டாள். அதையும் சொன்னார்.

"இது அந்த மாத்திரையோட வேலையா இருக்கும் சார். கொஞ்சப் பேருக்கு வறட்டு இருமல் வரும். பொம்பளையாளுக்குக் கூடுதல். நீங்களா நிறுத்திராதீங்க, கொதிப்பு ஏறிரும். டாக்டர்ட்ட சொன்னா வேற மாத்திரை எழுதுவாங்க." பிறகு, "கை வைத்தியம் ஏதும் உண்டா?" என்றாள்.

"அதிமதுரம் மட்டுந்தான்."

"தினமுமா? எத்தனை மாசமா?"

அவர் சொன்னதும் ரைஹானத் சற்றுத் தயங்கினாள். "அது தினமும் போனா கொதிப்பை ஏத்தும் சார்."

உள்ளேயிருந்து வந்த அசன் மைதீன் அலமாரியில் இருந்த இருமல் மருந்து வரிசையைப் பார்த்தார். "நானும் ஆறு பாட்டிலு எடுத்துக் குடுத்திருக்கேன் அண்ணாச்சி. ஒரு தடவை கேக்கலையே."

அந்த மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளை ரைஹானத் விரித்துக் காட்டினாள். பொடி எழுத்தில், நடுவில், இருமல் என்று இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் சுற்றறிக்கைகளைக் கடைசி வரிவரை படித்தவர் அவர். வீட்டுக்கு வந்ததெல்லாம் வெறும் மாத்திரை அட்டைகள். தாள் கடையிலேயே நின்றுவிட்டது. ஆனால் தாளில் இருந்ததைத்தான் பெர்சிஸ் ஏப்ரலிலேயே வாயால் சொல்லியிருந்தார்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். அதிமதுரம் நின்றது. மூன்றாவது வாரத்தில் இருமல் போய்விட்டது, கொதிப்பும் இறங்கியது.

"நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் பெர்சிஸ். குரலில் கோபம் இல்லை.

"சொன்ன."

"ஆத்துல முங்கினேன்னு சொன்னீங்க."

"ஞாயித்துக்கிழமை நீயே பாட்டுப் படி. கிறிஸ்டிட்ட நான் சொல்லுதேன்" என்றார்.

"ரெண்டு மாசமா படிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. அந்தப் பிள்ளையையும் வெளிய உக்கார வைக்கணுமா?"

"அப்ப குழுவுலயாவது வந்து நில்லேன்."

"பாப்போம்" என்றார் பெர்சிஸ். எழுந்து போய் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்தார்.

கீத ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன்பு கிறிஸ்டி வந்தாள். "மாஸ்டர், தொண்டை கரகரங்குது. ஒரு துண்டு தாங்களேன்."

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. டப்பா இல்லை, அதை அவரே வீட்டில் எடுத்து வைத்துவிட்டிருந்தார். "வெந்நீர் குடிம்மா" என்றவர், "உனக்கு மாத்திரை ஏதும் ஓடுதா?" என்று கேட்டார்.

"எனக்கா? இருபத்திநாலு வயசுதான் மாஸ்டர் ஆவுது."

விளக்குகள் அணைந்தன. கிறிஸ்டி நன்றாகப் பாடினாள். பாதி வரியில் மூச்சு எடுக்கவில்லை. பெண்கள் வரிசையில் பெர்சிஸ் நிற்கும் இடத்தில் ஒருவர் நிற்குமளவு இடைவெளியை யாரும் சொல்லாமலே விட்டிருந்தார்கள்.

கடைசிப் பாட்டுக்குச் சபை முழுவதும் எழுந்தது. பாக்கியசீலன் குழுவுக்கு முதுகைக் காட்டி, சபையின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். வாசலை ஒட்டிய ஓரத்தில் பெர்சிஸ் நின்றார். இருமல் நின்ற பிறகும், இருமினால் எழுந்து போக வசதியான அதே இடம். வாய் அசைந்தது. நானூறு பேர் பாடுகையில் எந்தக் குரல் பிசகினாலும் கண்டுபிடிக்கும் பாக்கியசீலன், மனைவியின் குரலைத் தேடினார். அது கேட்கவில்லை.