கழிவுப் பஞ்சு

பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பஞ்சு அடிக்கும் பகுதியில் வேலை பார்த்தார். திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் நெஞ்சை அடைக்கும். ஞாயிறு விடுமுறையில் விட்டுவிடும். அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும்போதும் மூச்சு வாங்கியது.

மனைவி பரிபூரணத்துக்கு ரோட்டின் மேல்தான் கோபம். தென்காசிக்குப் போகிற லாரிகள் கிளப்பும் புழுதியைத் திட்டிக்கொண்டே ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் மில்லில் மலிவாகக் கிடைத்த கழிவுப் பஞ்சைத் திணித்தாள். அவருடைய தலையணையிலும் அந்தப் பஞ்சுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடமும் புழுதியைத்தான் சொன்னாள்.

"புழுதி பெருசும்மா. மூக்கும் தொண்டையும் அதை முக்காவாசி பிடிச்சிரும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள்ள போகும். வீட்டுல பஞ்சு வச்சிருக்கீங்களா?"

"அவிய தலகாணியில இருக்கு. வெள்ள வெளேர்னு இருக்கும், அதுல என்ன தூசி?" என்றாள் வெடுக்கென்று.

வீடு திரும்பியதும் ஒரு ஜன்னலைத் திறந்து, வெயில் விழுந்த இடத்தில் தலையணையை ஓங்கி அடித்தாள். இழைகள் தரையில் விழுந்தன. புகைபோல் ஒன்று மட்டும் இறங்காமல் வெயிலிலேயே நின்றது.

அவள் கை நின்றுவிட்டது. போன மாதம் பேறுகாலம் முடிந்து மகள் வத்திராயிருப்புக்குக் கிளம்பியபோது, கைப்பிள்ளைக்கு மெத்தையும் தலையணையும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"பிள்ளைக்குக் குடுத்துவிட்ட மெத்தையிலயும் இந்தப் பஞ்சுதானா?" என்று இருமலுக்கிடையே கேட்டார் பொன்னுராஜ்.

"மெத்துன்னு இருக்கட்டும்னு கூடவே வச்சுத் தச்சேன்," என்றபடி பரிபூரணம் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். "வத்திராயிருப்புக்குப் பஸ்ஸு எப்ப இருக்கு?"