வெயிலில் வைத்த இரண்டு தட்டுகள்

பள்ளி மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றில் கடல்நீர், மற்றதில் கிணற்று நீர். வெயில் நீரை மட்டும் ஆவியாக எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும். அதனால்தான் கடல் கரிக்கிறது, மழை கரிப்பதில்லை என்று ஏழாம் வகுப்புக்குக் காட்ட அறிவியல் டீச்சர் வைத்தவை. கடல்நீரை அவரே பிடித்து வந்திருந்தார். கிணற்று நீரை, பின்தெருவில் குடியிருக்கும் தையல்காரர் மகள் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊற்றினாள்.

மதியம் பிள்ளைகள் ஏறிப் பார்த்தபோது கடல்நீர்த் தட்டில் உப்பு பூத்திருந்தது. கிணற்றுத் தட்டிலும் பூத்திருந்தது. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

பாடம் பாழாய்ப் போன எரிச்சல் டீச்சருக்கு. வீடுவரை போகச் சோம்பல்பட்டு, மிச்சமிருந்த கடல்நீரையே ஊற்றிவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டார். பின்னாலிருந்து யாரோ, "இவ வீட்டுக் கிணத்துல மீன் பிடிக்கலாம் டீச்சர்" என்றதும் வகுப்பே சிரித்தது.

அவள் அழவில்லை. "எங்க கிணத்துத் தண்ணிதான் டீச்சர். அதத்தான் குடிக்கறோம். போன வருஷம் இப்படி இல்ல."

பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் சாயங்காலம் டீச்சர் பின்தெருவுக்குப் போனார். தையல்காரர் மனைவி மரியாதையாக ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். முதல் வாயே தொண்டைக்குள் இறங்கவில்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றவரிடம் அவள் தன்மையாகவே சொன்னாள்: பருப்பு வேகமாட்டேன் என்கிறது, சோப்பு நுரைப்பதில்லை, பக்கத்து வீட்டார் காலிசெய்துகொண்டு போய்விட்டார்கள், மேட்டுப்பக்கம் மட்டும் ராப்பகலாக மோட்டார் ஓடுகிறது. யார் வீட்டு மோட்டார் என்று அவள் சொல்லவில்லை.

டீச்சருக்குத் தெரியும். அது அவர் வீட்டுக் கொல்லையில் ஓடுகிற மோட்டார். கணவருக்குத் தண்ணீர் லாரித் தொழில். நிலத்தடி நன்னீர்தான் கடலை வெளியே தள்ளி நிறுத்துகிறது, மழை தருவதைவிட அதிகமாக உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும் என்பது டீச்சர் வருடாவருடம் நடத்துகிற பாடம். வீட்டுக்குள் மட்டும் நடத்தியதே இல்லை.

சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. நம்ம நிலம், நம்ம குழாய், நாம் நிறுத்தினால் அடுத்தவன் உறிஞ்சுவான் என்று எப்போதும் சொல்வதையே சொன்னார்.

"நிலம் நம்மதுதாங்க. அடியில ஓடற தண்ணிக்கு வேலியா போட்டிருக்கோம்? அந்தப் புள்ளையப் பொய் சொல்றான்னு நிக்க வெச்சேன். உண்மையத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நான்தான்."

"இப்ப என்னங்கற? லாரிய நிறுத்திட்டு வீட்ல குந்தியிருக்கவா?"

"நீங்க முடிவு பண்ணுங்க. நாளைக்கு வகுப்புல நான் உள்ளதச் சொல்லிடுவேன். அப்புறம் வெளியில கேட்டுட்டு வந்து என்னத் திட்டாதீங்க."

அவர் கைகழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். சற்று நேரத்தில் மோட்டார் நின்றது. அன்றைக்கு மட்டுமா, அடியோடா என்று அவர் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு மோட்டார் யாருடையது என்பதையும் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர் மகள்தான் எழுந்து, கிணறு மறுபடி நல்லதாகிவிடுமா என்று கேட்டாள்.

"நல்லா மழை பேஞ்சு, நாங்களும் உறிஞ்சாம இருந்தா ஆகலாம்மா. ஆனா வருஷக்கணக்காகும்," என்றார் டீச்சர். பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "கடல் உப்பா இருக்கறது இயற்கை. இவங்க கிணறு உப்பானது மனுஷன் செஞ்ச வேல. சூரியன்கூட கடல்லேருந்து எடுத்தத மழையாத் திருப்பிக் குடுத்துடுது. திருப்பிக் குடுக்காம எடுத்துக்கிட்டே இருக்கறது நாமதான். அது நம்ம வீட்லயே நடந்தாலும் தப்புன்னு சொல்லணும். அதச் சொல்ல வாய் வரலைன்னா, இந்தப் பாடத்த நான் நடத்தியும் பிரயோஜனம் இல்ல, நீங்க படிச்சும் பிரயோஜனம் இல்ல."